நட்டை முழுவதும் கழற்றிவிடாதீர்கள்

நீலகிரி மலையில், கேத்தி பள்ளத்தாக்கில் எங்கள் கேரட் தோட்டத்துக்குக் கீழே, ஓடைக்கரையில், ஆறடிக்கு ஐந்தடி அளவில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அதற்குள்ளே 5 குதிரைத்திறன் டீசல் இன்ஜின் ஒன்றும் அதோடு பொருத்திய பம்பும் நிற்கின்றன. போன வருடம் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அந்தக் கொட்டகையின் ஈரத் தரையில் இரண்டே கால் மணி நேரம் எழ முடியாமல் கிடந்தேன். வலது கால் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கைப்பேசி ஸ்வெட்டர் பையிலேயே இருந்தது. அந்தப் பள்ளத்தில் சிக்னல் கிடையாது. மூன்று ஆண்டுகளாக இன்ஜின் வேலையை நானே செய்து வருகிறவள் நான். ஆயிலை எத்தனை மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றுவது, டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) இடைவெளி எவ்வளவு வைப்பது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எங்கே காலை ஊன்றி நிற்பது, எதைத் தனியாகத் தொடவே கூடாது என்பதை மட்டும் எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. இன்ஜினோடு வந்த புத்தகத்திலும் அது இல்லை. என்னைப்போல மலைத்தோட்டத்தில் தனியாக ஸ்பேனர் பிடிக்கிற யாராவது இதைப் படித்தால், அந்த இரண்டே கால் மணி நேரம் அவர்களுக்கு வராமல் போகட்டும் என்றே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கொட்டகை ஏன் அவ்வளவு கீழே, அவ்வளவு குறுகலாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பம்பு தண்ணீரை உறிஞ்சுகிறது என்று நாம் சொன்னாலும், உண்மையில் வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம்தான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளி மேலே ஏற்றுகிறது. கடலோர ஊரில் அந்தக் கணக்கு ஏறத்தாழ 10 மீட்டர். நாங்கள் இருப்பது 2,000 மீட்டர் உயரத்தில். இங்கே காற்று மெலிந்துவிடுவதால் அது 8 மீட்டராகக் குறைகிறது. குழாயின் அடிமுனையில் இருக்கும் புட்வால்வு, குழாய் வளைவு எல்லாம் தின்றது போக 5 மீட்டருக்குள் வைத்தால்தான் பம்பு ஒழுங்காக இழுக்கும். அதனால் மலையில் எல்லோருமே இன்ஜினை ஓடையின் மடியில் கொண்டுபோய் வைக்கிறோம். கரையைக் குடைந்து, கிடைத்த இடத்தில் நான்கு தகரத்தைச் சாத்தி, அதற்குள் இன்ஜினை இறக்கிவிடுகிறோம். தண்ணீர் வருகிறதா என்று மட்டும் பார்த்தோம். உள்ளே ஒரு ஆள் குனிந்து நிமிர இடம் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. அதே மெலிந்த காற்றுதான் இன்ஜினுக்கும் மூச்சு. 5 குதிரைத்திறன் என்று வாங்கியது இங்கே நான்கைத் தருவதற்கே திணறும். டீசல் முழுவதும் எரியாமல் கரும்புகை தள்ளும். சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டிலும் புகைக்குழாயிலும் கரி படியும். கீழ்நாட்டில் இருப்பவர்களைவிட நாங்கள் ஹெட்டை அடிக்கடி கழற்றுவது அதனால்தான். மலையில் வேலையும் அதிகம், வேலை செய்யும் இடமும் மோசம்.

என் கணவர் இருந்தவரை அந்தக் கொட்டகைக்குள் நான் காபி கொண்டுபோனதோடு சரி. அவர் போன பிறகு மெக்கானிக்கை அழைத்தேன். நல்ல மனிதர்தான், ஆனால் நீர்போகம், அதாவது தண்ணீர் பாய்ச்சிச் செய்யும் சாகுபடி, தொடங்கிவிட்டால் பள்ளத்தாக்கில் இருக்கும் அத்தனை இன்ஜினுக்கும் அவர் ஒருவரே. நான்கு நாள் காத்திருக்கச் சொல்வார். விதைத்த கேரட் நான்கு நாள் காத்திருக்காது. ஒருமுறை டீசல் தீர்ந்து குழாயில் காற்று பிடித்து நின்றுபோனபோது, அவர் வந்து பத்தே நிமிடத்தில் ஓட்டிக் காட்டிவிட்டு 900 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அன்று அவர் கையை விட்டு என் கண்ணை எடுக்கவில்லை. ஃபில்டர் மேலிருக்கும் திருகைச் சற்றுத் தளர்த்தினார். நுரை நுரையாக வந்து, பிறகு தெளிந்த டீசல் வந்ததும் இறுக்கினார். அடுத்து டீசல் பம்பின் திருகு. கடைசியாக நாசிலுக்குப் போகும் குழாயின் நட்டு. பிறகு, இன்ஜினுக்குள் காற்று அழுத்தம் சேராமல் விடுகிற டிகம்ப்ரஷன் லிவரைத் தூக்கி வைத்துக்கொண்டு ஹேண்டிலை மெதுவாகச் சுற்றினார். "காதைக் கொடுத்துக் கேளுங்கள் அம்மா" என்றார். ஹெட்டுக்குள்ளிருந்து 'கிர்ரிச்' என்று, மரக்கதவு திறக்கும்போது கேட்பதுபோல ஒரு சத்தம். நாசில் டீசலைத் தெளிக்கும் சத்தம் அது. அது கேட்டால் இன்ஜின் கிளம்பும். கேட்காவிட்டால் இன்னும் காற்று இருக்கிறது. அடுத்த முறை நானே செய்து, அந்தக் கிர்ரிச் என் காதில் விழுந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இதைச் செய்ய நினைக்கிறவர்களுக்கு இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நாசிலை வெளியே கழற்றி வைத்துக்கொண்டு தெளிக்கிறதா என்று பார்ப்பது எல்லோருக்கும் வழக்கம். அதன் முன்னால் கையையோ விரலையோ ஒருபோதும் நீட்டாதீர்கள். அந்தத் தெளிப்பு தோலைத் துளைத்து உள்ளே போகும் அளவுக்கு வேகம் கொண்டது. வெளியே ஊசி குத்தியதுபோலச் சிறு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. உள்ளே டீசல் பரவி விரலே போய்விடலாம். அப்படி ஆனால் கழுவித் துடைத்துவிட்டு வீட்டில் உட்காராமல், எண்ணெய் உள்ளே போயிருக்கிறது என்று சொல்லி உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஹேண்டில் போட்டுக் கிளப்புவதுதான் என் உடம்புக்கு வந்த முதல் சோதனை. என் எடை 49 கிலோ. முதல் ஒரு மாதம் தோள்பட்டையை வைத்தே சுற்றினேன். இரவில் கையைத் தூக்கித் தலைவாரக்கூட முடியவில்லை. பிறகுதான் புரிந்தது, கையைவிடக் காலும் உடம்பு எடையும்தான் சுற்ற வேண்டும். ஒரு காலை முன்வைத்து, முழங்காலை மடக்கி, ஹேண்டில் கீழிருந்து மேலே வரும்போது உடம்போடு சேர்த்து இழுக்க வேண்டும். லிவர் தூக்கியிருக்கும்வரை பாரம் இருக்காது. அந்த நேரத்தில் வேகத்தை ஏற்றிவிட்டு, போதும் என்று தோன்றியபின் இன்னும் இரண்டு சுற்று சுற்றிய பிறகே லிவரை விட வேண்டும். அரைகுறை வேகத்தில் விட்டால் இன்ஜின் பின்னுக்கு உதைக்கும். கட்டை விரலை ஹேண்டிலைச் சுற்றி வளைத்துப் பிடிக்காதீர்கள். மற்ற நான்கு விரல்கள் இருக்கும் பக்கத்திலேயே கட்டை விரலும் இருக்கட்டும். உதைத்தால் ஹேண்டில் உள்ளங்கையை விட்டு நழுவிப் போகும், மணிக்கட்டு தப்பும். இன்ஜின் பிடித்த நொடியில் பயந்து ஹேண்டிலைப் பாதியில் விட்டுவிடவும் கூடாது. அது தண்டிலேயே சிக்கிக்கொண்டு சுழன்றால் யார் மேல் பறந்து விழும் என்று சொல்ல முடியாது. ஹேண்டில் நுழையும் தண்டு முனையைத் துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் தடவி வைத்திருந்தால் வழுக்கிக்கொண்டு தானாகக் கழன்று வரும். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் வெயில் ஏறுமுன் பயிர்மேல் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிட வேண்டும். அதனால் காலை ஐந்தரைக்கே இன்ஜின் ஓட வேண்டும். அந்த நேரத்தில் இரும்பைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்வதுபோல இருக்கும். ஆயில் பாகு மாதிரி கெட்டியாகிவிடும், ஹேண்டில் சுற்றவே வராது. நான் வீட்டிலிருந்து ஒரு குடத்தில் வெதுவெதுப்பான நீர் கொண்டுபோய் இன்ஜினின் தண்ணீர் அறையில் ஊற்றுவேன். கை பொறுக்கும் சூடு போதும். குளிர்ந்த வார்ப்பிரும்பில் கொதிநீரை ஊற்றினால் வெடிப்பு விட்டுவிடும். விரல் மரத்துப்போன நிலையில் சிறிய நட்டு எதையும் தொடாதீர்கள். மரை சரியாகப் பிடித்ததா, கோணலாக ஏறுகிறதா என்று விரல்தான் சொல்ல வேண்டும். அந்த விரலுக்கு உணர்ச்சி இல்லாதபோது நான் ஏற்றிய ஒரு நட்டு, டீசல் குழாயின் மரையையே தின்றுவிட்டது. புதுக் குழாய்க்கு 650 ரூபாயும் இரண்டு நாளும் போயின. இப்போது பிளாஸ்கில் வெந்நீர் வைத்துக்கொண்டு கையை நனைத்துத் துடைத்துச் சூடு வந்த பிறகே திருகுகிறேன். குளிருக்காகக் கொட்டகைக்குள் கரிக்கணப்பு வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். கரி நெருப்பின் வாயுவுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. கதவடைத்த சிறிய அறையில் அது ஆளைத் தூக்கத்திலேயே முடித்துவிடும். இன்ஜின் புகையும் ஆபத்துதான், புகைக்குழாய் கொட்டகைக்கு வெளியே நீண்டிருக்க வேண்டும்.

பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சேலைத் தலைப்பு, துப்பட்டா, கழுத்தில் சுற்றிய சால்வை, பின்னிவிட்ட சடை, இவற்றில் எதுவும் ஓடுகிற இன்ஜின் பக்கத்தில் வரக்கூடாது. ஃப்ளைவீல் என்கிற கனத்த சுழல்சக்கரம் பிடித்து இழுத்தால் யாராலும் நிறுத்த முடியாது. நான் கணவருடைய பழைய சட்டையும் பேன்ட்டும் போட்டு, கூந்தலை முடிந்து குல்லாய்க்குள் திணித்துக்கொண்டுதான் இறங்குவேன். முதலில் தோட்டத்தில் வேலை செய்த பெண்கள் வாய்பொத்திப் பார்த்தார்கள். ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

இனி அந்த ஜனவரிக்கு வருகிறேன். பொங்கல் முடிந்த கையோடு கரும்புகை அதிகமாகிவிட்டது. புதன்கிழமை ஹெட்டைக் கழற்றினேன். ஹெட் பன்னிரண்டு கிலோ இருக்கும். ஒரு பை உருளைக்கிழங்கைச் சும்மா தூக்குகிறவளுக்கு அது பெரிதில்லை என்று நினைத்தேன். ஆனால் உருளைக்கிழங்குப் பையை மார்போடு அணைத்துத் தூக்குகிறோம். ஹெட்டை அப்படித் தூக்க முடியாது. ஸ்டட்டுகள் என்கிற நிற்கும் போல்ட்டுகளிலிருந்து நேர் மேலாக உருவ வேண்டும். இன்ஜின் மேடையோ முழங்கால் உயரம்தான். ஆகவே குனிந்து, கையை முன்னால் நீட்டி, அந்த நிலையில் பன்னிரண்டு கிலோவைப் பிடித்து நிற்க வேண்டும். கை நீள நீள இடுப்பில் விழும் பாரம் பல மடங்காகிறது. கரியைச் சுரண்டி, கேஸ்கெட் மாற்றி, திரும்ப ஏற்றி முடிக்க ஏழு மணி நேரம் ஆனது. இடையில் ஒரு தடவைகூட நிமிரவில்லை என்றே சொல்லலாம், அவ்வளவு ஆர்வம். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் இடுப்பின் வலப்பக்கம் ஒரு மந்தமான வலி இருந்தது. தைலம் தேய்த்துக்கொண்டு களை எடுக்கப் போனேன். உடம்பு அன்றே சொல்லியிருக்கிறது. நான் கேட்கவில்லை. ஒரு பெரிய வேலைக்கும் அடுத்த பெரிய வேலைக்கும் நடுவே ஒரு வாரமாவது விடுங்கள். வலி இருக்கும்போது 'இன்னும் இது ஒன்றுதானே பாக்கி' என்று மனசு சொல்லும்; அதற்கு இணங்காதீர்கள்.

பாக்கி இருந்தது ஃப்ளைவீல் பின்னால், ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையமான ஆயில் சீல். ஒழுகிக்கொண்டே இருந்தது. அதை மாற்ற ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டும். மெக்கானிக் வந்து போக, சீலோடு சேர்த்து 2,800 ரூபாய் கேட்டார். சீல் விலை 180 ரூபாய். மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்தேன். அந்தக் கணக்குத்தான் என்னைக் கீழே இறக்கியது.

ஞாயிற்றுக்கிழமை ஆளெல்லாம் லீவு. மதியம் சாப்பிட்டுவிட்டு இறங்கினேன். ஃப்ளைவீல் நட்டு வருடக்கணக்கில் திறக்காதது. முந்தின இரவே மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்திருந்தேன். ஸ்பேனரில் இரண்டடிக் குழாய் ஒன்றைச் செருகி, தள்ளாமல் என் பக்கமாக இழுத்தேன். அது சரியாகத்தான் செய்தேன். தள்ளினால் நழுவும்போது முட்டி சுவரில் போய் அறையும், அந்தத் தழும்பு இன்னும் என் வலது கையில் இருக்கிறது. நட்டு கிறீச்சென்று விட்டது. அந்தச் சந்தோஷத்தில் அதை முழுவதும் சுழற்றிக் கழற்றி, வாஷரையும் எடுத்து, துணியில் பத்திரமாக வைத்தேன். அதுதான் நான் செய்த பெரிய தவறு.

தண்டின் முனை கூம்பு வடிவம். ஃப்ளைவீல் அதன்மேல் இறுகிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பிடியை விடும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடாது. ஒரு நொடி வரை பாறை மாதிரி இருக்கும். அடுத்த நொடி கையில் வந்துவிழும். கடப்பாரையால் நெம்பினேன், மரக்கட்டை வைத்துச் சுத்தியால் தட்டினேன், அசையவில்லை. கொட்டகைச் சுவருக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவே இருந்தது ஒன்றரை அடி. நேராக நிற்க முடியாமல் பக்கவாட்டில் ஒடுங்கி நின்று, இடுப்பைத் திருப்பிக்கொண்டு தட்டினேன். எத்தனையாவது அடி என்று நினைவில்லை. 'டங்' என்று ஒரு சத்தம். சக்கரம் தண்டை விட்டு என் பக்கம் வந்தது. பிடிக்காமல் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்க இடமில்லை, யோசிக்க நேரமும் இல்லை. இரண்டு கையாலும் பிடித்தேன். குனிந்து, திரும்பி, கையை நீட்டி, முழுப் பாரத்தையும் ஒரே நொடியில் வாங்கினேன். பிறகு கேரட் எடை போடும் தராசில் அதை வைத்துப் பார்த்தோம்: 38 கிலோ. இடுப்புக்குள் ஈரக்கயிறு அறுந்ததுபோல ஒன்று உணர்ந்தேன். சக்கரம் என் கால் கட்டை விரலுக்கு அருகில் தரையைக் கொத்திக்கொண்டு விழுந்தது. காலில் ரப்பர் செருப்புதான் போட்டிருந்தேன்.

விழுந்த பிறகு நடந்ததைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது; ஆனாலும் சொல்கிறேன். முதல் அரை மணி நேரம் கத்தினேன். ஓடைச் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. நாலரைக்கு மேல் வெளிச்சம் மங்கியதும் கொட்டகைக்கு வெளியே புதர் முறிகிற சத்தம் கேட்டது. தண்ணீர் குடிக்க வரும் காட்டெருமைகள். தகர இடுக்கில் வெள்ளைக் காலுறை போட்டதுபோன்ற அவற்றின் கால்கள் தெரிந்தன. அதன் பிறகு கத்தவும் பயம். குளிர் தரையிலிருந்து முதுகுக்குள் ஏறியது. கோயம்புத்தூரில் படிக்கிற மகனை நினைத்துக்கொண்டேன். கோபமும் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். ஸ்பேனரால் தகரத்தைத் தட்டலாம் என்பது ஆறு மணி நெருங்கும்போதுதான் தோன்றியது. மூன்று தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி மூன்று தட்டு. மேல்தோட்டத்துக்கு வேலி பார்க்க வந்த பக்கத்து ஹட்டி (படகர் ஊர்) அண்ணா அதைக் கேட்டுவிட்டு டார்ச்சோடு இறங்கி வந்தார். "தங்கச்சி, அசையாதே, ஆளைக் கூட்டி வருகிறேன்" என்று சொல்லி, தன் கம்பளியை என்மேல் போர்த்திவிட்டு ஓடினார். நான்கு பேர் ஒரு பழைய கதவுப்பலகையில் என்னைக் கிடத்தி, 140 படிக்கட்டுகள் தூக்கி ஏறினார்கள்.

மேலே வந்ததும் ஒருவர் சுளுக்கு வழிப்பவரை அழைக்கலாம் என்றார். ஹட்டி அண்ணா ஒப்பவில்லை. நேராக ஊட்டிக்குக் கொண்டுபோனார். அவர் அன்று செய்தது எவ்வளவு சரி என்று டாக்டர் சொன்னபோது தெரிந்தது. இடுப்பில் பாரம் விழுந்தபின் கால் மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலோ, சிறுநீர் கழிக்கத் தடையோ கட்டுப்பாடின்மையோ வந்தாலோ, தொடையிடுக்கில் உணர்ச்சி இல்லாமல் போனாலோ, அதை யாரும் பிடித்து இழுக்கவோ மிதிக்கவோ விடக்கூடாது. ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எனக்குக் இடுப்புப் பகுதியின் கடைசி முதுகெலும்புக்குக் கீழே இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தியிருந்தது. ஆபரேஷன் தேவைப்படவில்லை. இரண்டு நாளுக்குப் பிறகு மெல்ல நடக்கச் சொல்லிவிட்டார்கள். படுத்தே கிடந்தால் தசை இன்னும் தளர்ந்துவிடுமாம். ஆறு வாரம் குனியக் கூடாது, ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாது.

செலவை மறைக்காமல் எழுதுகிறேன். ஸ்கேன் எடுக்கக் கோயம்புத்தூர் போய்வர டாக்சிக்கு 3,800. ஸ்கேனுக்கு 6,500. மருந்து, பிசியோதெரபி 9,200. பாகங்களாகக் கிடந்த இன்ஜினுக்குப் பதில் பெட்ரோல் பம்பு வாடகை, 12 நாளுக்கு 8,400. அந்தப் பம்பு கிடைப்பதற்கு முன் ஒன்பது நாள் தண்ணீர் இல்லை. இரண்டிலை விட்டிருந்த அரை ஏக்கர் கேரட்டில் பாதிக்குமேல் பனியிலும் வறட்சியிலும் போய்விட்டது. விதை, உரம், களைக்கூலி என்று 48,000 போட்டதில் திரும்பியது 19,000. எல்லாம் கூட்டினால் 56,900 ரூபாய். மிச்சம் பிடிக்க நினைத்தது 2,620 ரூபாய். ஜன்னல் வழியாக அந்தக் கருகிய பாத்திகளைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த நாட்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கு விலை போடத் தெரியவில்லை.

மெக்கானிக் வந்து மிச்ச வேலையை முடித்தார். என்னை நாற்காலியில் உட்காரவைத்து மேலிருந்தே விளக்கினார்: "நட்டைத் தளர்த்துங்கள் அம்மா, ஆனால் மூன்று மரை தண்டில் பிடித்திருக்கும்படி விட்டு வையுங்கள். சக்கரம் நகர அந்த இடைவெளி போதும். சக்கரம் விடுபட்டாலும் நட்டில் முட்டி நின்றுவிடும். பிறகு இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நட்டை எடுங்கள்." அவ்வளவுதான். ஒரு வரி. அவருக்கு அது மூச்சு விடுவதுபோல இயல்பானது, அதனால் முன்பு சொல்லத் தோன்றவில்லை. எனக்குக் கேட்கத் தெரியவில்லை. எந்த வேலையைக் கற்றுக்கொண்டாலும் 'எப்படிக் கழற்றுவது' என்பதோடு 'கழன்றால் எந்தப் பக்கம் விழும்' என்றும் கேளுங்கள்.

உடம்பு தேறியதும் நான் இன்ஜினைத் தொடவில்லை. கொட்டகையைத்தான் முதலில் மாற்றினேன். கரையை இன்னும் வெட்டி, இன்ஜினின் நான்கு பக்கமும் மூன்றடி இடம் விட்டேன். மேடையை ஒன்றரை அடி உயர்த்திக் கட்டினேன்; எங்களுக்கு ஓடை நீர்மட்டத்திலிருந்து பம்புவரை 3 மீட்டர்தான் என்பதால் அந்த ஒன்றரை அடி தண்ணீர் இழுப்பதைக் கெடுக்கவில்லை. உங்களுடையது ஏற்கெனவே 5 மீட்டரை நெருங்கினால் மேடையை உயர்த்தாமல், நிற்கும் தரையைத் தாழ்த்துங்கள். மேலே ஒரு இரும்பு உத்தரம் போட்டு அரை டன் செயின் பிளாக் ஒன்றைத் தொங்கவிட்டேன். உத்தரம் தகரக் கூரையில் தொங்கவில்லை, இரண்டு பக்கமும் தனித் தூண்களில் நிற்கிறது. இப்போது ஹெட்டை ஒரு விரலால் சங்கிலி இழுத்துத் தூக்குகிறேன். தரையில் சொரசொரப்பான சிமெண்ட் பூசி, ஓரமாக ஒரு வடிகால் விட்டேன். பழைய ஆயிலை வடிக்க ஒரு தட்டும் மூடியுள்ள கேனும் வைத்திருக்கிறேன். இந்த ஓடை காட்டேரி என்கிற ஊர் வழியாகக் குன்னூர் ஆற்றில் கலந்து பவானிக்குப் போகிறது. கீழே குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கறுத்த ஆயில் தோலுக்கும் நல்லதில்லை என்பதால் கையுறையும் போடுகிறேன். எல்லாம் சேர்த்து 31,000 ரூபாய் ஆனது. ஆடி மாதம் ஒரு சீட்டு எடுத்துத்தான் செய்தேன்.

சின்னச் சின்னப் பொருட்கள் சிலவும் இருக்கின்றன. நெற்றியில் கட்டும் விளக்கு 350 ரூபாய். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்த நாட்களை நினைத்தால் இப்போது ஆச்சரியமாக இருக்கிறது. நாற்பதைத் தாண்டியவர்கள் படிக்கும் கண்ணாடியை இன்னொரு ஜோடி வாங்கிக் கருவிப் பெட்டியிலேயே வையுங்கள். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் எண் தெரியாமல் முகத்தைக் கிட்டே கொண்டுபோய்க் குனிவதில்தான் பாதி முதுகுவலி வருகிறது. முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்று இருந்தால் பம்பின் பின்புறத்தை எட்டிப் பார்க்க உடம்பை முறுக்க வேண்டாம். உட்கார்ந்து செய்கிற வேலைக்கு ஒரு முக்காலி, மண்டியிட ஒரு மடித்த சாக்கு. முன்பக்கம் கெட்டியான ஷூ. அரை மணிக்கொரு தடவை எழுந்து வெளியே போய்ப் பின்னால் வளைந்து நிற்கக் கைப்பேசியில் அலாரம் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும்விட, கீழே இறங்குமுன் ஹட்டி அண்ணாவின் வீட்டுக்குப் போன் செய்து எத்தனை மணிக்கு ஏறிவருவேன் என்று சொல்லிவிடுகிறேன். அந்த நேரம் தாண்டினால் அவர் மகன் வந்து எட்டிப் பார்ப்பான். கொட்டகை வாசலில் ஒரு விசிலும் தொங்குகிறது.

இந்த ஜனவரியில் ஆயில் சீலை மறுபடி மாற்ற வேண்டியிருந்தது. மெக்கானிக்கை அழைத்தேன். நட்டை நான் தளர்த்தி, மூன்று மரை விட்டு நிறுத்தினேன். செயின் பிளாக்கில் சக்கரத்தைக் கட்டி, அவர் மறுபக்கம் நின்று தட்டினார். அதே 'டங்'. என் இடுப்பு ஒரு கணம் விறைத்துக்கொண்டது. சக்கரம் நட்டில் முட்டி, சங்கிலியில் லேசாக ஆடி நின்றது. நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. மறுநாள் காலை ஐந்தரைக்கு இன்ஜினைக் கிளப்பிவிட்டு மேலேறி வந்தபோது, தெளிப்பான்கள் சுழன்றுகொண்டிருந்தன. வெள்ளையாக உறைந்திருந்த பாத்திகளில் கேரட் இலைகள் ஒவ்வொரு வரிசையாகப் பச்சைக்குத் திரும்பின. வேலியோரம் ஹட்டி அண்ணா அளவுநாடாவோடு நின்றிருந்தார். தன் கொட்டகைக்கும் உத்தரம் போட வேண்டும், தூண் எத்தனை அடி ஆழம் தோண்டினாய் என்று கேட்டார். இரண்டரை அடி என்றேன்.